பதில் இல்லையென்றால் சரி

கிடங்கில் அவரை எல்லோரும் 'கையெழுத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்து மூன்று வயதுவரை கட்டைவிரலை மையில் முக்கி எடுத்த சுமைதூக்கி அவர். அதன் பிறகு தொழிற்சங்கக் கட்டடத்தில் சாயங்காலம் நடந்த வகுப்புக்கு இரண்டு வருஷம் போய், எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். கற்றதுதான் தாமதம், கண்ணில் பட்ட தாளிலெல்லாம் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். லாரிக்காரர் நீட்டிய சீட்டில் முன்பக்கம் போட்டுவிட்டு, இடம் வீணாகிறதே என்று பின்பக்கமும் போட்டார். பேர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் அவர் வேண்டுமென்றே எழுதி, விரும்பிக் கையெழுத்துப் போட்டதெல்லாம் ஒரே விஷயத்துக்காகத்தான். சரக்கு லிஃப்ட்டின் கதவு. மூன்று மாடிக் கிடங்கு அது. லிஃப்ட்டின் கூண்டு வந்து நின்றால்தான் கதவு திறக்க வேண்டும். இந்தக் கதவின் கொக்கி தேய்ந்துபோய், கூண்டு கீழே கிடந்தாலும் மூன்றாவது மாடியில் தொட்டவுடன் திறந்துகொள்ளும். திறந்தால் எதிரே ஒன்றும் இருக்காது, முப்பதடி இருட்டு இருக்கும். மூன்று வருஷத்தில் பதினான்கு சீட்டு எழுதிக் கொடுத்தார். எதற்கும் பதில் வரவில்லை. ஒன்றை மட்டும் பிறகு ஒருநாள் பார்த்தார். மேலாளரின் மேசை ஆடாமலிருக்க, எட்டாக மடித்து ஒரு காலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். தான் எழுதியது ஓர் அலுவலகத்தையே தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் அந்த லிஃப்ட்டில் அவருடைய மச்சினனைப் போட்டார்கள். மனைவியின் தம்பி. வாய் ஓயாதவன். வந்த முதல் வாரமே தள்ளுவண்டியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டே போனவன், கதவில் முதுகு பட்டு, கதவு திறந்து, இடது காலை வெறும் காற்றில் வைத்தான். வண்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியதில் ஆள் தப்பினான். இடது கால் செருப்பு மட்டும் கீழே போய்விட்டது.

வலது செருப்பை அவன் தூக்கிப் போடவில்லை. "கதவை என்னைக்காவது ரிப்பேர் பண்ணத்தானே போறாங்க? அப்ப ஜோடி சேர்ந்துக்கும்" என்று அலமாரியில் வைத்திருந்தான்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்தத் தடவை செருப்போட போச்சு" என்றாள். "என் தம்பிக்கு அதுல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நீங்க எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதுக்கு அர்த்தமே இல்ல. சொல்லிட்டேன்."

இப்படி இருக்கும்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இனிமேல் தாள் கிடையாது, யாருக்கு எது வேண்டுமென்றாலும் கம்ப்யூட்டரில் ஃபார்ம் நிரப்பித்தான் கேட்க வேண்டும், அந்த ஃபார்மைச் செய்யக் கற்றுக்கொள்ள ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஓர் ஆள் ஐந்து நாள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. அது தாளில் வந்தது. மூன்று பிரதிகள்.

மேஸ்திரி சுமைப் பிரிவில் ஆட்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். "இவன் போனா லோடு நிக்கும். அவன் போனாலும் நிக்கும். கையெழுத்து, உனக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சுல்ல? நீ போ. நீ இல்லேன்னா ஒண்ணும் நிக்காது."

"என்ன படிக்கணும் மேஸ்திரி?"

"ஏதோ ஃபார்மாம். நிரப்பறது இல்ல, செய்யறது. உனக்குத்தான் எழுதற சமாச்சாரம்னா கை அரிக்குமே. போய் அஞ்சு நாள் ஏசியில உட்கார்ந்துட்டு வா."

பயிற்சி அறையில் நாற்காலிகளுக்குச் சக்கரம் இருந்தது. கையெழுத்து உட்கார்ந்ததும் நாற்காலி அவரைக் கூட்டிக்கொண்டு பின்னால் போய்க் கணக்குப் பிரிவுக்காரரின் முழங்காலில் முட்டியது. வாழ்நாளெல்லாம் வண்டி தள்ளியவரை ஒரு வண்டி தள்ளிக்கொண்டு போனது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ஐந்து நாளும் கால் இரண்டையும் தரையில் ஊன்றியே பாடம் கேட்டார்.

பாடம் எடுத்த மேடம் நல்ல மாதிரி. ஒன்றை மூன்று தடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்.

"ஃபார்ம்னா ஒருத்தர் கேட்கறது. ஒர்க்ஃப்ளோன்னா அது யார்கிட்டேர்ந்து யார்கிட்டப் போகணும்ங்கறது" என்றார் மேடம். பலகையில் கட்டம் போட்டு, கட்டத்திலிருந்து கட்டத்துக்கு அம்பு போட்டார். "ஃபார்ம் அழகா இருந்து, ஓட்டம் சரியில்லேன்னா பிரயோஜனம் இல்ல. புரியுதா?"

கையெழுத்து கையைத் தூக்கினார். "மேடம், இது லாரியிலேர்ந்து மூட்டை கை மாத்தற மாதிரிதானே? எட்டுப் பேர் வரிசையா நிப்போம். நடுவுல ஒருத்தன் மூட்டையைத் தோள்ல வச்சுக்கிட்டே பீடி பத்த வச்சான்னா, மொத்த வரிசையும் நின்னுடும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "பதினோரு வருஷமா இந்தப் பாடம் எடுக்கறேன். இவ்வளவு சுருக்கமா நான் சொன்னதே இல்ல."

அதற்கப்புறம் கையெழுத்துக்குச் சுருதி சேர்ந்துவிட்டது. ஒரு விரலால்தான் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பார். ஆனால் எந்த எழுத்தை எதற்கு அடிக்கிறோம் என்று தெரிந்து அடித்தார். கணக்குப் பிரிவுக்காரர் செய்த ஃபார்மில் நாற்பத்தொரு கட்டம் இருந்தது. காவல் பிரிவுக்காரருடையது பல்பு எரியவில்லை என்று சொல்வதற்கும் அப்பா பெயரைக் கேட்டது. கையெழுத்து ஐந்தே கேள்வி வைத்தார். என்ன வேண்டும்? எங்கே? எத்தனை நாளாக? கிடைக்காவிட்டால் யாருக்கு அடிபடும்? இதற்கு முன் எத்தனை தடவை கேட்டீர்கள்? ஐந்துக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் வைத்தார். அந்த நட்சத்திரம் இருந்தால் நிரப்பாமல் நகர முடியாது என்று மேடம் சொல்லிக்கொடுத்திருந்தார்.

பிறகு அம்புகள். கேட்பவரிடமிருந்து மேலாளருக்கு ஓர் அம்பு. மேலாளரே கேட்டால் தலைமை அலுவலகத்துக்கு. அங்கே இரண்டு பொத்தான், 'சரி', 'முடியாது'. சரி என்றால் லிஃப்ட் வேலை நேரே லிஃப்ட் கம்பெனிக்குப் போகும், மற்றதெல்லாம் கொள்முதல் பிரிவுக்குப் போகும். முடியாது என்றால் ஒரு கட்டம் திறக்கும். ஏன் முடியாது என்று இருபது எழுத்துக்குக் குறையாமல் அதில் எழுத வேண்டும். அதற்கும் சிவப்பு நட்சத்திரம். பதினான்கு சீட்டுக்கு ஒரு காரணம்கூடக் கிடைக்காத மனிதர், வேறென்ன செய்வார்?

நான்காம் நாள் மேடம் ஒரு கேள்வி போட்டார். "ஃபார்ம் போய்ச் சேர்ந்துடுச்சு. மேல இருக்கறவர் மூணு நாளா எந்தப் பொத்தானையும் அமுக்கல. அப்ப என்ன ஆகணும்? பட்டியல்ல மூணு வழி இருக்கு. ஒண்ணைத் தேர்ந்தெடுங்க."

கணக்குக்காரர் 'மறுபடி நினைவூட்டு' என்பதை எடுத்தார். காவல்காரர் 'முடியாது' என்பதை எடுத்தார். கையெழுத்து 'சரி' என்பதை எடுத்தார்.

கணக்குக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன அண்ணே, அவர் வாயே திறக்கல. அது எப்படி சரின்னு ஆகும்?"

"பின்ன?" என்றார் கையெழுத்து, கணக்குக்காரருக்குத்தான் புரியவில்லை என்பதுபோல. "நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டியில கை வைக்கறோம். முன்னால நிக்கறவன் 'தூக்கலாமா?'ன்னு கேட்பான். கை வழுக்குது, கால் சரியா ஊனலேன்னா 'இரு'ன்னு குரல் கொடுக்கணும். குரல் வரலேன்னா தூக்கிடுவோம். பாரத்துல கை வச்சவனுக்கு 'சரி'ன்னு சொல்லவெல்லாம் மூச்சு இருக்காதுங்க. வேண்டாம்னாத்தான் மூச்சைச் செலவழிக்கணும்."

மேடம் அவருடைய திரையை எட்டிப் பார்த்தார். "உங்க பிரிவுல வேலை எப்படி நடக்குதோ, ஃபார்மும் அப்படித்தான் இருக்கணும். நல்லாருக்கு. வச்சுக்கோங்க."

அலுவலகத்தில் இதற்கு நேர் எதிர் வழக்கம் என்பது கையெழுத்துக்குத் தெரியாது. அங்கே பேசாமலிருப்பதுதான் மறுப்பு. சத்தமில்லாமல், சண்டையில்லாமல், கையெழுத்தும் இல்லாமல் மறுக்கிற வித்தை அது. அதில் தேறியவர்கள்தான் மேலே மேலே போகிறார்கள். இவரோ, தன் சீட்டுகள் வழியில் எங்கேயோ தொலைந்துபோயின என்றே மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் பார்த்ததைக்கூட, பாவம், அவசரத்துக்கு எடுத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தார்.

ஐந்தாம் நாள் முழுதாக முடிந்திருந்தது அவருடைய ஃபார்ம் ஒன்றுதான். எல்லாப் பிரிவுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா, மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டு மேடம் அதை மேலாளருக்கு அனுப்பினார். மேலாளர் வழக்கம்போலப் பேசாமலிருந்தார். திங்கட்கிழமை காலை ஃபார்ம் ஓட ஆரம்பித்தது.

முதல் ஃபார்மை நிரப்பியது கையெழுத்துதான், மேஸ்திரி அறையில் இருந்த கம்ப்யூட்டரில். என்ன வேண்டும்: லிஃப்ட் கதவுக் கொக்கி. எத்தனை நாளாக: மூன்று வருஷம். யாருக்கு அடிபடும்: என் மச்சினனுக்கு. எத்தனை தடவை: பதினான்கு.

"என்னை எழுதிட்டியா மாமா?" என்று தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டான் மச்சினன். "கம்ப்யூட்டர்ல என் பேர் வர்றது இதான் முதல் தடவை. அதுவும் அடிபடறவன்னு வருது."

"பேர் போடல மாப்ள. மச்சினன்னுதான் போட்டேன்."

"அப்ப உனக்கு இன்னொரு மச்சினன் இருந்தா அவனும் மாட்டினான்."

மேஸ்திரியும் ஒன்று நிரப்பினார். சரக்கு இறக்கும் இடத்தில் அனலாகக் கொதிக்கிறது, நான்கு மின்விசிறி வேண்டும் என்று. மேலாளருடைய கம்ப்யூட்டரில் இரண்டும் போய் நின்றன. மேலாளர் திறந்து பார்க்கவில்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. வியாழன் காலை இரண்டுக்கும் பக்கத்தில் பச்சையாக 'சரி' என்று விழுந்தது. அன்று மதியமே லிஃப்ட் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. புதுக்கொக்கி வர வேண்டும், அடுத்த புதன்கிழமை வந்து மாட்டுகிறோம். அந்த வரியைக் கையெழுத்து நான்கு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். மூன்று வருஷத்தில் லிஃப்ட்டைப் பற்றி அவருக்கு ஒருவர் எழுதிய முதல் வரி அது.

வெள்ளிக்கிழமை மின்விசிறிகள் வந்து இறங்கின. மேலாளர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு வேகமாக இறங்கி வந்தார்.

"யார் கேட்டு இதெல்லாம் வருது?"

"மேஸ்திரி கேட்டாரு சார்" என்றார் கையெழுத்து.

"யாரு சரின்னது?"

"நீங்கதான் சார்."

"நானா? நான் ஒண்ணுமே பண்ணலையே!"

"அதான் சார்."

மேலாளருக்கு விஷயம் பிடிபட ஐந்து நிமிஷம் ஆயிற்று. பிடிபட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து மேஸ்திரி ஒரு மின்விசிறிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். இந்த விதியை உடனே எடுக்க வேண்டும் என்று மேலாளர் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் போட்டார். இனிமேல் போனில் எதுவும் எடுத்துக்கொள்வதில்லை, ஃபார்ம் வழியாக வாருங்கள் என்றார்கள். விதி மாற்றத்துக்கும் அதே ஃபார்ம்தான். அது ஃபார்மைச் செய்தவரிடம் போகும். மேடம் எல்லோருக்கும் அப்படித்தான் அமைத்துக் கொடுத்திருந்தார்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி அறைக் கம்ப்யூட்டரில் கையெழுத்துக்கு ஒரு கோரிக்கை வந்து நின்றது. கேட்பவர்: மேலாளர். என்ன வேண்டும்: பதில் இல்லையென்றால் 'முடியாது' என்று மாற்ற வேண்டும், இன்னும் செய்து முடிக்காத வேலைகள் அத்தனையும் நிற்க வேண்டும். யாருக்கு அடிபடும் என்ற இடத்தில் 'நிர்வாகத்துக்கு' என்று எழுதியிருந்தார். கீழே இரண்டு பொத்தான். கெடு திங்கட்கிழமை மாலை ஐந்து மணி.

செய்து முடிக்காத வேலைகள் என்றால் லிஃப்ட்டும்தான்.

"நமக்கெதுக்கு வம்பு?" என்றார் மேஸ்திரி. "பேசாம இருந்துடு."

"பேசாம இருந்தா சரின்னு ஆயிடும் மேஸ்திரி."

"அப்ப சரின்னே அமுக்கிடு."

"அதுக்குப் பேசாமலே இருக்கலாமே."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "என்னய்யா ஃபார்ம் பண்ணி வச்சிருக்கே? தப்பிக்கவே வழியில்ல."

சனிக்கிழமை கையெழுத்து மறுபடி போய் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தார். ஃபார்மைச் செய்தவர் என்பதால் யார் யார் என்ன கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அன்று காலை புதிதாக ஒன்று வந்திருந்தது, மேலாளரிடமிருந்து தலைமை அலுவலகத்துக்கு. என்ன வேண்டும்: பத்து நாள் லீவு. எங்கே: மகள் வீட்டுக்கு, பிரசவம். யாருக்கு அடிபடும் என்பதற்கு 'என் மகளுக்கு' என்று இருந்தது. இதற்கு முன் எத்தனை தடவை: ஒன்பது. கெடு செவ்வாய்க்கிழமை.

பதில் இல்லையென்றால் சரி என்று தெரிந்த மறுநாளே அவர் லீவு கேட்டது தெரிந்து செய்ததா, தற்செயலா என்பது நம் வேலை இல்லை. கையெழுத்தும் அதை யோசிக்கவில்லை. அந்த ஒன்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை அலுவலகத்திலும் ஒரு மேசை ஆடுகிறதுபோல என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இதே பேச்சு. மச்சினன் சாப்பிட வந்திருந்தான்.

"மேலதிகாரிகிட்ட முடியாதுன்னு எப்படி எழுதறது?" என்றார் கையெழுத்து. "வாயால சொன்னாலும் காத்தோட போயிடும். எழுதினா இருக்குமே."

"இத்தனை வருஷமா அவங்க உங்களை என்ன பண்ணாங்க?" என்றாள் மனைவி.

"அவங்க எழுதலையே. சும்மா இருந்தாங்க. அது வேற."

"நீங்க வகுப்புக்குப் போனப்ப ரெண்டு வருஷம் நான் தனியா உட்கார்ந்து சாப்பிட்டேன். லாரிக்காரன் சீட்டுல பின்பக்கம் கையெழுத்துப் போடறதுக்கா?"

மச்சினன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "விடு அக்கா. மாமா ஏன் பயப்படறாரு? கீழ விழப்போறது நான்தானே."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு, "மூணாவது மாடிக்குப் போனா இப்பல்லாம் வண்டியை முன்னால விட்டுத்தான் போறேன்" என்றான். சும்மா சொல்வதுபோலத்தான் சொன்னான். அவன் பயப்படுகிறான் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை டீ நேரத்தில் கையெழுத்து கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அறையில் மேஸ்திரி இருந்தார், ஆனால் தான் இல்லாததுபோல ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். 'முடியாது' பொத்தானின் மேல் கையெழுத்து விரலை வைத்தார். பாரத்தில் கை வைத்ததுபோல மூச்சை இழுத்துப் பிடித்து, அமுக்கினார்.

கட்டம் திறந்தது. சிவப்பு நட்சத்திரம் நின்றது. காரணத்தை இருபது எழுத்துக்குக் குறையாமல் எழுதவும்.

முதலில் 'இரு' என்று அடித்தார். இரண்டே எழுத்து. நகரமாட்டேன் என்றது. அவர் வைத்த சட்டம்தான். திட்டுவதற்கும் ஆளில்லை. அப்புறம் ஒரு விரலால், எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடி, டீ ஆறி மேலே ஆடை படியும்வரை அடித்து முடித்தார்.

'கொக்கி புதன்கிழமை வருகிறது சார். உங்கள் லீவு செவ்வாய்க்கிழமை வருகிறது. இன்றைக்கு விதியை மாற்றினால் இரண்டும் வராது. இரண்டும் வரட்டும்.'

எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தார். பிறகு அனுப்பினார். கையெழுத்துப் போட அங்கே இடம் இல்லை. அதுதான் அவருக்கு ஒரு குறையாக இருந்தது.

"என்னய்யா எழுதினே?" என்று ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார் மேஸ்திரி.

"காரணம்."

"போச்சு போ. நாளைக்கு உன்னை மாடிக்குக் கூப்பிடுவாங்க. இடுப்பு வலின்னு வீட்லயே இருந்துடு."

மறுநாள் இடுப்பு உண்மையாகவே வலித்தது. இருந்தாலும் போனார். மாடியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. மேலாளருக்கு அந்த மறுப்பை மறுக்க உரிமை இருந்தது. ஆனால் அதற்கும் காரணம் எழுத வேண்டும், இருபது எழுத்துக்குக் குறையாமல், தன் பெயரோடு. முப்பது வருஷ வேலையில் எதற்கும் காரணம் எழுதிப் பழகாத கை அது. மதியம் ஒருமுறை அவர் மாடிப்படியில் நின்று சரக்கு இறக்கும் இடத்தைப் பார்த்தார். கையெழுத்தும் ஒரு பெட்டியின் அடியில் கையை வைத்தபடி அவரைப் பார்த்தார். மேலாளர் இறங்கி வந்து மின்விசிறிக் காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேலே போனார்.

செவ்வாய் மாலை பட்டியலில் லீவுக்குப் பக்கத்தில் பச்சையாக 'சரி' விழுந்தது. தலைமை அலுவலகத்தில் யாரும் திறந்து பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் கருவிப் பெட்டியோடு உள்ளே வரும்போது, மேலாளர் தோளில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக வெளியே போய்க்கொண்டிருந்தார். வாசலில் கையெழுத்தைப் பார்த்ததும் நின்றார்.

"அந்த விதியை..." என்றார். பையைத் தோள் மாற்றினார். "நான் வந்து பார்த்துக்கறேன்."

"சரிங்க சார். பேத்தியா பேரனான்னு சொல்லுங்க."

மேலாளர் பதில் சொல்லவில்லை. கையெழுத்து அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

மதியத்துக்குள் புதுக்கொக்கி மாட்டியாயிற்று. மூன்றாவது மாடியில் மச்சினன் கதவை உதைத்துப் பார்த்தான், தோளால் முட்டிப் பார்த்தான், பிறகு அதோடு சமாதானம் பேசுகிறவனைப்போல இரண்டு கையையும் வைத்துத் தள்ளிப் பார்த்தான். கதவு அசையவில்லை. "மாமா, இவன் ரொம்பப் பிடிவாதக்காரன்" என்றான். உடனே வேறு பக்கம் திரும்பி வண்டியைத் தள்ள ஆரம்பித்தான்.

லிஃப்ட்காரர்கள் குழியைச் சுத்தம் செய்தபோது அடியிலிருந்து தூசியும் கயிறும் உடைந்த பலகையும் எடுத்துப் போட்டார்கள். அதற்கு நடுவில் இடது கால் செருப்பு ஒன்று கிடந்தது. மச்சினன் அதைத் தட்டித் துடைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாயங்காலம் கிளம்பினான். வாசலில் காவல்காரர் மறித்தார்.

"என்ன அது?"

"என் செருப்புங்க."

"காலைல உள்ள வரும்போது கையில இல்லையே. கிடங்குக்குள்ள எடுத்த பொருள் வெளிய போகணும்னா அனுமதி வேணும்."

"அனுமதியை எங்க கேட்கணும்?"

காவல்காரருக்கும் ஐந்து நாள் பயிற்சி ஆகியிருந்தது. "ஃபார்ம் நிரப்புங்க" என்றார்.

மச்சினன் மேஸ்திரி அறைக்குத் திரும்பி வந்தான். அவன் சொல்லச் சொல்லக் கையெழுத்து ஒரு விரலால் அடித்தார். என்ன வேண்டும்: ஒரு செருப்பு, இடது. எங்கே: வாசலில். எத்தனை நாளாக: ஆறு மாதம். யாருக்கு அடிபடும்: வலது செருப்புக்கு. இதற்கு முன் எத்தனை தடவை கேட்டீர்கள்: கேட்கவில்லை, அதன் பின்னாலேயே குதிக்கத்தான் பார்த்தேன்.

ஃபார்ம் மேலாளருக்குப் போயிற்று. மேலாளர் லீவில் இருந்தார். மூன்று நாள் யாரும் அதைத் திறக்கவில்லை. நான்காம் நாள் செருப்பு வீட்டுக்கு வந்துவிட்டது.